சுவர் இல்லாத அறை

டிப்ளமோ படிக்கிற நமக்கும் கருவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பேஸ் டயகிராம் படித்தவர்களுக்கு இது சொந்த வீட்டு விஷயம்.

சி.எலிகன்ஸ் என்று ஒரு புழு. நீளம் 1 மி.மீ.தான். அதன் கரு முதன்முறை இரண்டாகப் பிரியும்போதே பாகப்பிரிவினை ஆரம்பமாகிவிடுகிறது. அடுத்த தலைமுறைக்கான இனச்செல்கள் பின்பக்கச் செல்லின் வழியில்தான் வரும். ஆர்.என்.ஏ.யும் புரதமும் சேர்ந்த 'பி-துகள்கள்' அந்தச் செல்லுக்கே போய்ச் சேர்கின்றன. 1982-லேயே ஸ்ட்ரோம், வுட் இருவரும் இதைக் காட்டிவிட்டார்கள்.

சரி, எப்படிப் போகின்றன? யாரும் பிடித்துத் தள்ளுவதில்லை. 2009-ல் பிராங்வின், ஹைமன் குழுவினர் சொன்னது: இவை கெட்டித் துகளே அல்ல, திரவத் துளிகள்! ரசத்தில் மிதக்கும் எண்ணெய் மாதிரி, இரண்டு தொட்டால் ஒன்றாகிவிடும். முன்பக்கத்தில் மெக்ஸ்-5 என்ற புரதம் அதிகம். அது ஆர்.என்.ஏ.யைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அங்கே துளி கரைகிறது, பின்பக்கத்தில் திரள்கிறது. சவ்வு கிடையாது, ஆனாலும் அறை உண்டு. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

இவற்றின் வேலை என்ன? இங்கேதான் கொஞ்சம் இடக்கு. 2014-ல் வெளியான ஆய்வில், துகள்களின் முக்கியப் புரதங்களைக் குறைத்துப் பார்த்தார்கள். இனச்செல்களில் சில, நரம்புச் செல்லின் குணத்தைக் காட்டத் தொடங்கின! ஆனால், கருவில் துகள் திரளவே விடாமல் செய்த புழுக்களிலும் பெரும்பாலானவை சந்ததி பெற்றன. ஆகவே இனச்செல்லை 'உண்டாக்குவது' துகள் என்று பரீட்சையில் எழுதுகிற மாதிரி எழுதிவிட முடியாது. தடம் மாறாமல் காப்பது என்று வேண்டுமானால் சொல்லலாம். நான் அந்தக் கட்சி.