சுதேசிக் கப்பலின் வரவு செலவு

நம்பிக்கை: சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி. சிறைக்குப் போனார், கம்பெனியும் மூழ்கிவிட்டது.

உண்மை: கைது 1908 மார்ச்சில். கம்பெனி கலைக்கப்பட்டது 1911இல். இடையில் கிடக்கும் மூன்றாண்டுகளை நம் மேடைகள் பேசுவதில்லை. அடக்குமுறை பெரிய காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கைதுக்கு முன்பே டிக்கெட் விலையில் சண்டை மூண்டுவிட்டது. தூத்துக்குடி - கொழும்பு வழியில் போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக்கியது. சுதேசி எட்டணாவுக்கு, அதாவது அரை ரூபாய்க்கு, இறங்கியது. பிறகு வெள்ளைக்காரக் கம்பெனி சும்மாவே ஏற்றிக்கொண்டு, குடையும் கொடுத்ததாம்!

கப்பலில் ஆளே ஏறாவிட்டாலும் நிலக்கரி எரியும், மாலுமிக்குச் சம்பளம் உண்டு, துறைமுகக் கட்டணமும் உண்டு. நிலையான செலவு என்பது இதுதான். கூடுதலாக ஒருவர் ஏறுவதால் செலவு பெரிதாகக் கூடிவிடாது. அதனாலேயே கட்டணத்தை அடிமட்டம்வரை குறைக்கத் துணிவு வருகிறது. ஒரு பங்கு 25 ரூபாய். அந்தத் தொகையை வரவில் பார்க்க எட்டணா டிக்கெட் ஐம்பது விற்க வேண்டும், அதுவும் செலவைக் கழிக்காமல். பிரிட்டிஷ் இந்தியாவுக்கோ வேறு பல வழித்தடங்கள், அரசுத் தபால் ஒப்பந்தங்கள். இங்கே விட்டதை அங்கே பிடித்துவிடலாம். சுதேசிக்குக் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள்தான்.

நம்பிக்கை: பத்து லட்சம் மூலதனம் இருந்ததே!

உண்மை: 1906 அக்டோபரில் பதிவானபோது குறித்த தொகை அது: 40,000 பங்குகள், பங்கு 25 ரூபாய். அவ்வளவு வரை திரட்டலாம் என்ற உச்சவரம்பே தவிர, பெட்டியில் இருந்த பணமல்ல. வந்த பணமும் கப்பலாக மாறிவிட்டால் அதை வைத்துச் சம்பளம் போட முடியாது. சொத்துப் பட்டியல் கனக்கும், கல்லா காயும். லாப நட்டக் கணக்கை மட்டும் புரட்டுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

நம்பிக்கை: வாடகைக் கப்பலோடு நிறுத்தியிருக்கலாம்.

உண்மை: முதலில் பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குத்தான் எடுத்தார்கள். பிரிட்டிஷ் கம்பெனி நெருக்கவே, கொடுத்தவர்கள் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சொந்தக் கப்பல் வாங்கியது வீம்பால் அல்ல.

நம்பிக்கை: கம்பெனி கவிழ்ந்தால் பங்குதாரர் தெருவுக்கு வர வேண்டியதுதான்.

உண்மை: அதே 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் வங்கி கவிழ்ந்தது. அது கூட்டாளிகள் நடத்திய நிறுவனம்; கடனுக்குக் கூட்டாளியின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. சுதேசி பதிவானதோ லிமிடெட் கம்பெனியாக. பங்குக்கு முழுத் தொகையும் கட்டியவருக்குப் போவது அந்த 25 ரூபாய்தான். கம்பெனிக் கடனுக்காக அவர் வீட்டை யாரும் ஜப்தி செய்ய முடியாது.