நாடகமும் மொழிபெயர்ப்புப் பொறியும்

ஒரு நாட்டார் இயற்றிய நாடகத்தைப் பிற நாட்டார் அறிந்து மகிழ்தற்கு மொழிபெயர்ப்பே வாயிலாகும். கிரேக்க நாட்டுச் சோபக்கிளிசும், வடமொழிக் காளிதாசரும், ஆங்கில நாட்டு ஷேக்ஸ்பியரும் உலகினர் அனைவர்க்கும் உரியவராயினமை மொழிபெயர்ப்பாளர்தம் உழைப்பினாலேயாம். இக்காலத்தில் அவ்வுழைப்பைக் கணினியும் மேற்கொண்டுள்ளது. கண்ணிமைக்கும் நேரத்தில் அது ஒரு பக்கத்தை வேறொரு மொழியில் மாற்றித் தருகிறது. ஆயினும், புகழ்பெற்ற நாடகங்களின் உயிர்நாடியான வரிகள் அப்பொறியின் வழியே வெளிவருங்கால், பல சமயங்களில் உருக்குலைந்து காணப்படுகின்றன. அவ்வாறு குலைவது ஏன் என்று ஆராயின், பொறியின் இயல்போடு மொழியின் இயல்பும் இனிது விளங்கும்.

மொழிபெயர்ப்பைப் பொறியிடம் ஒப்படைக்கும் முயற்சி நெடுநாட்களுக்கு முன்னரே தொடங்கியது. 1954-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7-ஆம் நாள், நியூயார்க் நகரில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தாரும் ஐ.பி.எம். நிறுவனத்தாரும் கூடி, அறுபதுக்கு மேற்பட்ட ருஷ்ய வாக்கியங்களைக் கணினியைக்கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்துக் காட்டினர். அப்பொறி அறிந்திருந்த சொற்கள் 250; இலக்கண விதிகள் ஆறே. சில ஆண்டுகளில் இப்பணி முற்றுப்பெற்றுவிடும் என்று பலர் நம்பினர். அந்நம்பிக்கை நிறைவேறவில்லை. பொறியின் மொழிபெயர்ப்பு மனிதர் செய்வதினும் காலத்தாற் பிந்தியது, திருத்தத்திற் குறைந்தது, செலவில் மிகுந்தது என்று 1966-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று அறிக்கை வெளியிட்டது.

பொறிக்கு நேர்ந்த இடர் யாது? தமிழ் இலக்கணம் பயின்ற மாணவர்க்கு இதனை உணர்தல் அரிதன்று. ‘மா’ என்னும் ஒரு சொல் மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். ‘மா பூத்தது’ என்றால் மரம் என்றும், ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு என்றும் அறிகிறோம். இத்தகைய சொல்லைப் பலபொருள் ஒருசொல் என்பர். அதன் பொருளை வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளிதல் வேண்டும் என்று தொல்காப்பியர் வகுத்துள்ளார். பழைய பொறி சொல்லை அறிந்திருந்தது, சார்பை அறியவில்லை. நாடகத்திலோ சார்பே தலைமை பெறுகிறது. பேசுபவர் யார், கேட்பவர் யார், எந்நிலையில் நின்று பேசுகின்றார் என்பவற்றை அறியாமல் நாடக வரி எதற்கும் பொருள் காண இயலாது.

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஓர் இடத்தைக் காண்போம். இறந்துபட்ட தந்தையின் ஆவி இளவரசனைத் தனியே வருமாறு அழைக்கிறது. தீங்கு நேருமோ என்று அஞ்சிய நண்பர்கள் அவனைப் பற்றி நிறுத்துகின்றனர். தன்னைத் தடுப்பவன் எவனாயினும் அவனைக் கொல்வதாக ஹாம்லெட் அச்சுறுத்துகிறான். தடுத்தலைக் குறிக்க ஆசிரியர் அங்கு ஆண்ட சொல் ‘லெட்’ என்பது. அக்காலத்தில் அதற்குத் தடுத்தல் என்னும் பொருளும் இருந்தது. இக்கால ஆங்கிலத்திலோ அது விடுதல், இசைதல் என்னும் பொருளிலேயே வழங்குகிறது. இக்கால வழக்கை மட்டும் அறிந்த பொறி, தன்னைப் போகவிடுபவனைக் கொல்வேன் என்று ஹாம்லெட் கூறுவதாகப் பெயர்த்துவிடும். கருத்து முழுவதும் தலைகீழாகிவிடுகிறது. எனினும், அவ்வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இராது. மூலத்தை அறியாதவன் அதனைப் படித்து, இளவரசனுக்கு அப்பொழுதே சித்தம் கலங்கிவிட்டது போலும் என்று கருதி மேலே செல்வான். நாடகத்தின் பிற்பகுதியில் ஹாம்லெட் பித்தனாக நடிப்பது, அவனது தவறான கருத்துக்கு அரணாகவும் அமைந்துவிடும்.

அதே நாடகத்தில், வாழ்வின் துன்பங்களைப் பொறுப்பதா துறப்பதா என்று இளவரசன் தனிமையில் எண்ணும் பகுதி உலகப் புகழ் வாய்ந்தது. அதில் ‘காயில்’ என்னும் சொல் வருகிறது. உலக வாழ்வின் ஆரவாரத்தையும் தொல்லையையும் அஃது அங்கே சுட்டுகிறது. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது கம்பிச் சுருள் அல்லது கயிற்றுச் சுருளேயாம். ஆழ்ந்த துயரத்திடையே கம்பிச் சுருள் வந்து நிற்பின், படிப்போர்க்கு நகைப்பே தோன்றும்.

‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்திலும் இத்தகைய இடம் உண்டு. மாளிகையின் மேல் நின்று ஜூலியட் ரோமியோவின் பெயரைச் சொல்லி ஏங்குகிறாள். அவள் ஆளும் ‘வேர்ஃபோர்’ என்னும் வினாச்சொல்லுக்கு ‘ஏன்’ என்பது பொருள். ‘எங்கே’ என்று கொள்வார் பலர். பொறியும் அவ்வாறு கொள்ளக்கூடும். எங்கே என்று கொண்டால், காதலனைக் காணாது தேடும் ஒரு பெண்ணின் குரலாக மட்டும் அஃது அமையும். ஏன் என்று கொண்டாலோ, தன் குடும்பத்திற்குப் பகையான குடியில் அவன் பிறந்த கொடுமையை எண்ணி அவள் வருந்துவது புலப்படும். இருவரையும் இறுதியில் மாய்ப்பது அக்குடிப்பகையே. ஆகவே, ஒரு வினாச்சொல் பிறழ, நாடகத்தின் கருவே மறைந்துபோகிறது.

சிலேடையோ பொறிக்கு மட்டுமன்றி மனிதர்க்கும் அரிய பகுதியாகும். ரோமியோவின் நண்பன் மெர்க்குஷியோ வாட்போரில் குத்துண்டு சாகும் தறுவாயிலும் நகைச்சுவையைக் கைவிடவில்லை. ‘கிரேவ்’ என்னும் சொல்லுக்குக் கல்லறை என்றும், விளையாட்டுத்தனம் அற்ற அமைதி என்றும் இருபொருள் உண்டு. தன் சாவை உணர்த்த அவன் அச்சொல்லை இருபொருள்படக் கூறுகிறான். ஒரு பொருளை மட்டும் கொண்டு பெயர்த்தால் நகையும் போகும். நகையின் உள்ளே இருக்கும் அவலமும் போகும்.

சொற்பொருள் சரியாக அமைந்த இடத்தும் கருத்துக் கெடுதல் உண்டு. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், சீசரைக் கொன்ற புரூட்டஸைக் கண்ணியம் உடையவன் என்று ஆண்டனி மக்கள்முன் மீண்டும் மீண்டும் கூறுகிறான். ஒவ்வொரு முறை கூறும்போதும் அப்புகழ்ச்சி பழிப்பாக மாறிக்கொண்டே செல்கிறது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதிலேதான் அதன் ஆற்றல் உள்ளது. அதனை ஓரிடத்தில் கண்ணியம் என்றும், ஓரிடத்தில் பெருமதிப்பு என்றும், மற்றோரிடத்தில் மேன்மை என்றும் பெயர்ப்பின், ஒவ்வொன்றும் பொருந்தும். ஆனால், மக்களைக் கிளர்ந்தெழச் செய்த பேச்சு வெறும் பாராட்டுரையாகிவிடும்.

1990-ஆம் ஆண்டையொட்டிப் பொறி செல்லும் வழி மாறிற்று. விதிகளைக் கற்பிப்பதை விடுத்து, மனிதர் முன்னரே மொழிபெயர்த்த நூல்களைப் பெருமளவில் அதற்கு அளிக்கலாயினர். கனடா நாட்டுப் பாராளுமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இருமொழியிலும் வெளிவருவன; அவை அதற்குப் பெரிதும் பயன்பட்டன. 2006-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புப் பொறி பொதுமக்களுக்குக் கிடைத்தது. 2016-ஆம் ஆண்டு முதல் நரம்பு வலை என்னும் புதுமுறையைக் கைக்கொண்டமையால் அதன் நடை முன்னினும் ஒழுங்குற்றது. இக்காலப் பொறிகள் சார்பையும் ஓரளவு நோக்குகின்றன. புகழ்பெற்ற வரிகள் பலவற்றை அவை சரியாகத் தருவதும் உண்டு. மனிதர் பலமுறை மொழிபெயர்த்தும் விளக்கியும் வைத்த வரிகள் அவை என்பதே அதற்குப் பெரிதும் காரணம். எழுத்துச் செல்வம் பொறிக்குக் குறைவாகக் கிடைத்த மொழிகளிலும், பலர் பயிலாத நாடகங்களிலும் பிழை மிகுகிறது. அன்றியும், பழைய பொறியின் பிழை நகைப்பை விளைத்துத் தன்னைத் தானே காட்டிக்கொண்டது. புதிய பொறியின் பிழை நல்ல நடையில் மறைந்து நிற்கிறது. மறைந்து நிற்கும் பிழையே கொடிது.

மொழிகள் பல கடந்தால் நாடகம் கெட்டே தீரும் என்பதும் இல்லை. காளிதாசரின் சாகுந்தலத்தை வில்லியம் ஜோன்ஸ் என்னும் அறிஞர் முதலில் இலத்தீனில் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, பின்னர் அதனை ஆங்கிலத்தில் அமைத்தார். அவ்வாங்கில நூல் 1789-இல் வெளிவந்தது. அதனை ஜார்ஜ் ஃபார்ஸ்டர் 1791-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். மூலத்தினின்று மூன்று மொழிகள் கடந்து வந்த அந்நாடகத்தைப் படித்து மகாகவி கதே வியந்து பாராட்டினார். பொறியின் வழியே ஒருமொழியினின்று மற்றொரு மொழிக்கும், அதனின்று வேறொன்றுக்கும் செல்லும் வரியோ, ஒவ்வொரு படியிலும் புதிய பிழையைச் சுமந்து செல்லும். இடையில் நின்று, சகுந்தலையின் நிலை யாது என்று எண்ணிப் பார்த்துப் பிழை களைவார் ஒருவரும் இல்லாமையே வேற்றுமை.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட் நாடகத்தை ‘அமலாதித்தன்’ என்றும், வெனிஸ் நகர வணிகனின் நாடகத்தை ‘வாணீபுர வணிகன்’ என்றும் தமிழ் மேடைக்குக் கொணர்ந்தார். ஒலியும் ஒத்து, தமிழுக்கும் இயைந்து நிற்கும் அப்பெயர்களே அவர்தம் திறத்தைக் காட்டும். அமலாதித்தனாக அவரே மேடையேறி நடித்தார். எழுதிய வரியைத் தம் வாயால் அவையோர்முன் கூறிப் பார்க்கும் கடமை அவருக்கு இருந்தது. பொறிக்கு அக்கடமை இல்லை.

இவற்றால் பொறியை இகழ்தல் வேண்டா. அயல்நாட்டில் வழி கேட்பார்க்கும், கடிதத்தின் கருத்தறிய விழைவார்க்கும் அது நற்றுணை செய்கிறது. நாடகம் படிப்போர் அதனைத் துணையாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஒரு வரி பொருந்தாமல் ஒலிப்பின், ஆசிரியனைக் குறைகூறுமுன் மூலத்தையும் அகராதியையும் நாடுதல் வேண்டும். பொருந்தி ஒலிப்பினும், பேசுபவன் அந்நிலையில் அவ்வாறு கூறுவானா என்று வினவிப் பார்த்தல் வேண்டும். அவ்வினாவை எழுப்பும் அறிவே மொழியறிவின் பயன்.

பயிற்சி வினாக்கள்

1. பலபொருள் ஒருசொல்லின் பொருளைத் தெளிதற்குத் தொல்காப்பியர் கூறும் வழிகள் யாவை?
2. ‘லெட்’ என்னும் சொல் பிறழ்ந்தால் ஹாம்லெட்டைப் பற்றி எழும் தவறான கருத்து யாது?
3. ‘மறைந்து நிற்கும் பிழையே கொடிது’ — விளக்குக.