மணிக்கட்டின் பொறுமை

கோல்ஃப் என்றதும், ‘அது செல்வர் ஆட்டம், நமக்கு எதற்கு?’ என்று முனிர்காவில் குடியிருக்கும் நம் மாணவர் பலர் கேட்பர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. நமக்கு நெடுந்தொலைவில் இல்லாத லாடோ சராயில் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் குதுப் கோல்ஃப் திடல் உள்ளது. 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அத்திடலில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தி ஆடலாம். பிறருடைய மட்டைப் பையைச் சுமந்து வாழ்வைத் தொடங்கிய அலி ஷேர், 1991இலும் 1993இலும் இந்திய ஓப்பன் பட்டம் வென்றார். உற்று நோக்கும் கண்ணும் பழகிய கையும் உடையவர்க்கு இவ்வாட்டம் வசப்படும்.

புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் ஒரு பிழை செய்வர். மணிக்கட்டின் வலிமையால் பந்தை அடிக்க முயல்வதே அப்பிழை. மணிக்கட்டு அடிக்கும் உறுப்பன்று. அது ஒரு கீல்.

நம் ஊர்த் துறையில் துணி துவைப்பதை நினைத்துப் பாருங்கள். கை முதலில் இறங்குகிறது. துணி பின்தங்கி வந்து, இறுதியில் விரைந்து கல்லில் அறைகிறது. மட்டையும் அவ்வாறே வருதல் வேண்டும். 1968இல் வெளிவந்த ஆய்வு நூலொன்றில் காக்ரன், ஸ்டாப்ஸ் என்னும் இருவர் இவ்வீச்சை இரட்டை ஊசலாக விளக்கினர். கைகள் ஓர் ஊசல். மட்டை மற்றோர் ஊசல். இரண்டையும் இணைப்பது மணிக்கட்டு.

வலக்கைப் பழக்கம் உடையவர் செய்யவேண்டியது இது: மட்டையை உயர்த்தும்போது மணிக்கட்டைக் கட்டைவிரல் பக்கமாக மடக்குக. இடது முன்கையும் மட்டையும் ஏறக்குறைய 90 பாகைக் கோணத்தில் அமையும். இறங்கும்போது கைகள் இடுப்பளவு வரும் வரை அக்கோணத்தைக் காத்திடுக. பிறகு அது தானே விரியும். கைகள் வேகம் குறைய, அவ்வாற்றல் மட்டையின் தலைக்குச் செல்லும். பந்தும் மட்டையும் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. அதற்குள் மணிக்கட்டை வேண்டியவாறு திருப்ப யாரால் இயலும்?

பந்தை மேலே தூக்கிவிட எண்ணி, இடது மணிக்கட்டைப் பின்புறமாக வளைப்பது மற்றொரு பிழை. அதனால் மட்டை தரையைக் குத்தும். அல்லது பந்தின் தலையைச் சீவும். பந்தை எழுப்புவது மட்டை முகத்தின் சாய்வு. அவ்வேலையை அதனிடமே விட்டுவிடுக. அடிக்கும் நொடியில் இடப் புறங்கை முன்கையோடு நேராக இருக்கட்டும். கைகள் பந்துக்குச் சற்றே முந்தியிருக்கட்டும்.

மட்டை இல்லையே என்று வருந்த வேண்டா. அருகில் யாரும் இல்லாத மொட்டைமாடியில் மெல்லிய பிரம்பு ஒன்றை வீசிப் பாருங்கள். ‘விர்’ என்னும் ஒலி வலத்தோளின் அருகே எழுந்தால் மணிக்கட்டு அவசரப்பட்டுவிட்டது. இடக்காலுக்கு நேரே எழுந்தால் அது பொறுமை கற்றுவிட்டது. நாள்தோறும் இருபது முறை வீசுங்கள். செவியே உங்களுக்கு ஆசிரியர்.