மனசில் உள்ளதை எழுதுவோம்

குழு நோட்டில் வரவு செலவு எழுதுகிறோம். மனசுப் பாரத்தை எங்கே எழுதுகிறோம்?

எழுத்தாளர் பாமா, துறவு மடத்தை விட்டு வெளியேறித் தவித்த காலத்தில் தன் வாழ்க்கையை எழுதினார். 1992இல் அது ‘கருக்கு’ நூலாக வந்தது. எழுதியதே தனக்கு மருந்தானது என்று பின்னாளில் சொன்னார். ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். வெள்ளிமலையோ, சின்னசேலமோ, நீங்களும் உங்க பேச்சிலேயே எழுதுங்க. பிழை வந்தால் வரட்டும்.

எழுதும்போது கோபம் எது, பயம் எது, கடன் எவ்வளவு என்று பிரிந்து தெரியும். வீட்டிலும் கிராம சபையிலும் பேச வார்த்தை தடுமாறாது.

செய்து பாருங்கள்: இன்று ராத்திரி வேலை முடிந்ததும் நாலு வரி. எழுதத் தெரியாத அக்கா சொல்லச் சொல்ல, நம்பிக்கையான ஒருத்தி எழுதிக் கொடுக்கலாம். அந்த நோட்டு அவரவருக்கே சொந்தம்; படித்துக்காட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம்.