பழனியில் ஓடுகிறது, மலையில் உதறுகிறது

கேள்வி: நான் பழனியில் பள்ளி ஆசிரியை. அம்மா வீடு பூம்பாறை. மாதம் இரண்டு முறையாவது பிள்ளைகளோடு மலை ஏறுவேன். என் கார் 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல். 52,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. சவரிக்காடு தாண்டி ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்தால் வண்டி உதறுகிறது. இன்ஜின் லைட் மினுக்குகிறது, பிறகு நிலையாக எரிகிறது. பனிமூட்டம் இருந்தால் இன்னும் மோசம். இறங்கும்போது அமைதியாக வருகிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து, பெட்ரோல் சரியில்லை என்று இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து, லைட்டை அணைத்துத் தந்தார்கள். அடுத்த பயணத்திலேயே மறுபடியும் அதே கதை. மேலே காற்று மெலிந்து இருப்பதால் இப்படியா? டர்போ போய்விட்டதா? டர்போ மாற்ற ஆகும் செலவைக் கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை.

பதில்: டீச்சர், முதலில் தூங்குங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் டர்போ தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அது வேலை செய்வதால்தான் வேறொரு சாமானின் பலவீனம் வெளியே தெரிகிறது.

காற்று மெலிவு என்று எல்லோரும் சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. நான் தொழில் கற்ற காலத்து அம்பாசிடர்கள் இந்த மலையில் கரும்புகை கக்கியதற்கு அதுதான் காரணம்: காற்று குறைந்தது, கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைக்கவில்லை. உங்கள் வண்டி அப்படியல்ல. கீழே ஒரு பங்கு காற்றை ஒன்றே முக்கால் பங்காக டர்போ அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே முக்கால் பங்குச் சொச்சத்திலிருந்து தொடங்கி அதே ஒன்றே முக்காலுக்குக் கொண்டுபோகப் பார்க்கும். அதற்காக அது இன்னும் வேகமாகச் சுற்றும். ஆக, வெளியே காற்று மெலிந்தாலும் சிலிண்டருக்குள் பெரிதாக மெலியவில்லை.

இப்போது ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். அதன் முனையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி. பல டர்போ வண்டிகளில் 0.7, 0.8 மி.மீ. அந்த இடைவெளியைத் தாண்டித்தான் பொறி பறக்க வேண்டும். நடுவில் இருக்கும் காற்று எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பழனி அடிவாரத்தில் சிக்னலில் நிற்கும்போது சிலிண்டருக்குள் நெருக்கம் குறைவு. பிளக்குக்கு அந்த வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயில் தளர்ந்துபோயிருந்தாலும் பொறியைப் போட்டுவிடும். மலையில் மூன்றாவது கியரில் அழுத்தி மிதிக்கும்போது டர்போ காற்றைத் திணிக்கிறது. அப்போது காயிலால் முடிவதில்லை. பொறி இல்லை, எரிப்பு இல்லை. மூன்று சிலிண்டரில் ஒன்று விட்டுப்போனால் இழுவையில் மூன்றில் ஒரு பங்கு அந்த நொடியில் காணாமல் போகிறது. உங்கள் முதுகில் உணரும் உதறல் அதுதான்.

இறங்கும்போது ஏன் அமைதி? கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். எரிய ஒன்றும் இல்லாதபோது எது மிஸ் ஆகும்? சர்வீஸ் சென்டரில் குறை பிடிபடாததற்கும் இன்ஜினுக்கு லோடு இல்லாததே காரணம். நிறுத்தி வைத்து ஐடிலில் பார்த்தால் இந்தக் குறை ஒளிந்துகொள்ளும். அதைவிட எனக்கு வருத்தம், ஸ்கேனில் வந்த குறை எண்ணை, அதாவது கோடை, அவர்கள் எழுதிக் கொடுக்காமல் அழித்தது. எந்த சிலிண்டர், எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு லோடு என்று அந்த நிமிடத்துக் கணக்கை கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். பாதி விடை குப்பைக்குப் போனது.

ஆகவே அடுத்த முறை லைட் எரிந்தால் யாரையும் அணைக்க விடாதீர்கள். கோடைப் படித்து எழுதச் சொல்லுங்கள். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். அந்தக் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டி, முதலாவதை இரண்டில் மாட்டச் சொல்லுங்கள். காசு செலவில்லாத சோதனை, கால் மணி நேர வேலை. பிறகு கோடை அழித்துவிட்டு மறுபடி அதே ஏற்றத்துக்குப் போக வேண்டும். ஊருக்குள் ஒரு சுற்று போதாது. இப்போது பி0301 வந்தால் காயில்தான் குற்றவாளி. இரண்டிலேயே நின்றால் பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் நகரவில்லை என்றால்தான் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று ஆழத்துக்குப் போக வேண்டும்.

பனிமூட்டத்தில் மோசம் என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிய துப்பு. பிளக்கைக் கழற்றியதும் முனையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். மேலே இருக்கும் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் மேலிருந்து கீழே கோடு இழுத்தது மாதிரி மெல்லிய கருங்கோடு தெரிகிறதா? உள்ளே தாண்ட முடியாத மின்சாரம் பீங்கானின் வெளிப்பக்கமாக இறங்கி ஓடிய தடம் அது. பிளக்கின் மேல் மாட்டும் காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் (பூட்) அதற்கு நேரே ஒரு தீய்ந்த கோடோ, கண்ணுக்குத் தெரியாத வெடிப்போ இருக்கும். விரலால் லேசாக வளைத்தால் வாய் திறக்கும். ஈரம் ஏறினால் அந்தக் குறுக்கு வழி இன்னும் சுலபமாகிவிடும். இந்தத் தடம் இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றாதீர்கள். பழைய பூட் புதுப் பிளக்கிலும் கோடு போட்டுவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

52,000 கி.மீ.யில் பிளக் ஒருமுறையும் மாறவில்லை என்றால் எப்படியும் மூன்றையும் பார்த்தாக வேண்டும். ஓட ஓட முனை தேய்ந்து இடைவெளி அகலும். அகன்றால் வோல்டேஜ் இன்னும் கேட்கும். எந்தப் பிளக், எவ்வளவு இடைவெளி என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். கடைக்காரர் கையில் இருக்கிற பிளக் வேண்டாம்.

கோடு பி0300 என்று வந்தால், குறிப்பிட்ட சிலிண்டர் இல்லாமல் எல்லாம் மாறி மாறி விடுகிறது என்று அர்த்தம். அப்போது டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ்களையும் கிளாம்ப்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, மிதிக்கும்போது உஸ்ஸென்ற சத்தம், இழுவை குறைவு இவை சேர்ந்து வந்தால் காற்று கசிகிறது. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை என்பதால் அதை இரண்டாவதாக வைக்கிறேன்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். மினுக்கினால் அப்படி அல்ல. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகும். நீங்கள் பயந்த டர்போ செலவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் செலவு அது. மினுக்கிய உடனே காலைத் தளர்த்துங்கள், இரண்டாவது கியருக்கு இறங்குங்கள். மினுக்கல் நின்றால் அப்படியே மென்மையாகப் போய்ப் பெருமாள்மலையில் நிறுத்தலாம். நிற்கவில்லை என்றால் அடுத்த அகலமான இடத்தில் ஒதுக்குங்கள். காய்ந்த புல், சருகு மேல் நிறுத்தாதீர்கள். அடியில் கன்வெர்ட்டர் நெருப்பாக இருக்கும். வளைவில் முந்தும் நேரத்தில் வண்டி விட்டுப்போவது எப்படிப்பட்ட ஆபத்து என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரியாகும் வரை பிள்ளைகளோடு பஸ்ஸில் போங்கள்.

குறை தீர்ந்த பிறகும் அந்த ஏற்றங்களில் மூன்றாவதில் அழுத்தி மிதிக்கும் பழக்கத்தை விடுங்கள். குறைந்த ஆர்பிஎம்மில் டர்போ இன்ஜினை முழு மிதியில் இழுக்க வைத்தால், பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடியது அது. இரண்டாவதில் இன்ஜின் சத்தம் கூடுதலாகக் கேட்கும், கேட்கட்டும்.

கழற்றிய பழைய பிளக் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று அப்போதே எழுதி ஒட்டி, பீங்கான் தெரிகிற மாதிரி படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்தக் கருங்கோடு இருக்கிறதா என்று நானும் பார்த்துவிடுகிறேன்.