பாட்டு யாருடையது?

ஆலங்குடி

அன்பு மருமகளுக்கு,

உன் பாட்டை எப்படி விற்பது, யாரைப் பிடித்தால் நாலு பேர் காதுக்குப் போகும் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன் தீர்க்க வேண்டியது, அந்தப் பாட்டு யாருடையது என்பது. 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாயி எஞ்சாமி’யை எடுத்துக்கொள். படத்தின் துணையில்லாமலே ஒரு தமிழ்ப் பாட்டு உலகம் சுற்ற முடியும் என்று காட்டியது அது. யூடியூபில் கோடிக்கணக்கான முறை ஓடியது. ஆனால் அதிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். பாட்டு பரவுவதாலேயே பாடியவர் கைக்குப் பணம் வந்துவிடாது. கணக்கு யார் கையில் இருக்கிறதோ அங்கேதான் அது போய்ச் சேரும்.

‘பெயரில்லாதவள் நிபந்தனை போட்டால் எந்தக் கம்பெனி வரும்?’ என்பாய். நியாயமான கேள்விதான். நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் செந்தில் கணேஷ் ஊர் மேடைகளில் பாடிவந்தவர். 2018இல் சூப்பர் சிங்கரில் வென்ற பிறகே வீட்டுக்கு வீடு தெரிந்தார். பெரிய மேடை வேண்டும், மறுக்கவில்லை. அதற்காகப் பாட்டையே கிரயம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, சில வருடத்துக்குக் குத்தகை விட்டால் போதும். சட்டமும் உன் பக்கம் இருக்கிறது. எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்குத்தான். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தமக்குரிய பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அது நிற்காது. நாட்டுப்புற மெட்டு ஊருக்குப் பொதுவாயிற்றே என்று தயங்காதே. பழைய மெட்டு பொதுதான். அதில் நீ புதிதாகக் கட்டிய வரியும், உன் செலவில் செய்த ஒலிப்பதிவும் உன்னுடையவை.

விற்பனையைப் பொறுத்தவரை, ஸ்பாட்டிஃபையை நம்பிக் கடன் வாங்காதே. 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசே கிடையாது. பங்குனி, சித்திரைத் திருவிழா மேடைகள்தான் உனக்குச் சோறு போடும்; இணையம் அந்த மேடைக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம். அதனால் பாட்டை உன் சொந்தச் சேனலில் முழுதாகப் போடு, கச்சேரிக்கு அழைக்க வேண்டிய எண்ணையும் சேர்த்துப் போடு. ராயல்டியை வசூலித்துப் பங்கிட்டுத் தரும், 1969இலிருந்து இருக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் பாடலாசிரியராகப் பதிந்துகொள்.

கம்பெனிக்காரர் தாளை நீட்டினால், முன்பணம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் ‘நிரந்தரமாக’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடு. இருந்தால், புதுக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே, அம்மா.

அன்புடன்,
மாமா