பாராசூட் இருந்தும் ஏன் உயிர் போகிறது?

கேள்வி: ஸ்கைடைவிங் விமானத்தில் ஏறுகிற எல்லோரும் பாராசூட் மாட்டியிருக்கிறார்கள். எஞ்சின் நின்றால் குதித்துவிட வேண்டியதுதானே? பிறகு ஏன் இத்தனை பேர் இறக்கிறார்கள்?

பதில்: உயரம் இருந்தால் குதிக்கலாம். 2015 ஜனவரி 7 அன்று நியூசிலாந்தின் டௌபோ ஏரிப் பகுதியில், புறப்பட்டுச் சுமார் 2,000 அடி ஏறிய விமானத்தின் ஒரே எஞ்சின் செயலிழந்தது. விமானி உட்பட 13 பேரும் குதித்துப் பிழைத்தார்கள். காலி விமானம் ஏரியில் விழுந்தது. ஆனால் ஓடுபாதையை விட்டு எழும்பிய சில நொடிகளில் கோளாறு வந்தால் தரை சில நூறு அடியில் இருக்கிறது. ஒருவர் பின் ஒருவராக வெளியேறி, பாராசூட் முழுதாக விரிய அந்த உயரம் போதாது. அப்போது எல்லோரும் விமானத்தோடுதான் இறங்கியாக வேண்டும். காப்பாற்றக்கூடியவை இரண்டு: வேகத்தைக் கைவிடாத விமானி, உடம்பைப் பிடித்து நிறுத்தும் பெல்ட்.

எஞ்சின் நின்றாலும் விமானம் மிதந்து இறங்கும். மூக்கை உடனே தாழ்த்தி, ஏறக்குறைய நேர்முன்னே கிடைத்த இடத்தில் இறக்க வேண்டும். ஓடுபாதைக்குத் திரும்பும் ஆசையில் மூக்கைத் தூக்கியபடி வளைத்தால் வேகம் குறைந்து இறக்கை தாங்காமல் விமானம் சரிகிறது. உயிர்களை வாங்குவது பெரும்பாலும் அந்தச் சரிவுதான். இரண்டு எஞ்சின் இருந்தால் பயமில்லை என்பார்கள். 1992இல் கலிஃபோர்னியாவின் பெரிஸ் வேலியில் 22 பேரோடு புறப்பட்ட ட்வின் ஆட்டருக்கு இரண்டு எஞ்சின்கள் இருந்தன. கெட்டுப்போன எரிபொருளால் ஒன்று சக்தியிழக்க, 16 பேர் இறந்தார்கள். 2006இல் மிசூரி மாநிலத்தின் சல்லிவனில் விழுந்ததும் அதே வகை விமானம். டர்பைன் தகடுகள் உடைந்து வலது எஞ்சின் போனது. ஆனால் விமானி வேகத்தைக் காக்கத் தவறியதே விபத்துக்குக் காரணம் என்றது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். ஒரு பக்க எஞ்சின் மட்டும் இழுக்கும்போது விமானம் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் சுக்கான் அதைத் தாங்காது.

முதுகில் பாராசூட் மூட்டையோடு விமானத்தின் தரையில் நெருக்கி உட்காருகிறவர்களுக்கு பெல்ட் இடைஞ்சல் என்ற வாதம் உண்டு. இடைஞ்சல்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் சுமார் 2.8 மீட்டருக்குள் சீராக நின்றால், உடம்பின் மேல் விழும் விசை அதன் எடையைப் போல் 9 மடங்கு. சரியாகக் கட்டப்பட்ட மனிதர் அதைத் தாங்கலாம். வேகம் இரட்டித்தால், அதே விசையோடு நிற்க 11 மீட்டருக்கு மேல் தேவை. கட்டாதவர் முன்னால் இருப்பவர் மேல் போய் மோதுவார், அதனால் இது அவரவர் விருப்பமும் அல்ல. சல்லிவனில் எட்டுப் பேரில் ஆறு பேர் இறந்தார்கள். இன்னும் பலனுள்ள பெல்ட் அமைப்பு இல்லாதது சிலரின் காயங்களுக்கு ஒரு காரணம் என்று வாரியம் பதிவு செய்தது. குதிக்கப் போகும் எவரும் கதவு மூடும் முன்பே பெல்ட்டைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். எந்த உயரத்துக்குக் கீழே குதிக்கக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.